நான் போகாத ஏழு கட்டங்கள்

என் மகன் அறிய,

போன வாரம் வியாழக்கிழமை கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மைக்கை என் கையில் கொடுத்தபோது, "எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ மேடையோரம் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்த நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்ல இருந்தது. நீ அன்று திரையில் காட்டிய உயிரினப் பரவல் வரைபடம் தவறானது. அது என் வரைபடம், தவறும் என்னுடையது. எண்ணூர் கழிமுகத்தின் வடகரையில் ஏழு கட்டங்களில் 'உயிரினங்கள் இல்லை' என்று உன் நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது. அதை ஆதாரமாக வைத்து அந்தச் சேற்றுப் படுகையில் மண் கொட்டி மேடாக்கிச் சரக்குக் கிடங்கு கட்டப்போகிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை அதன் இறுதி அறிக்கையில் நீ கையெழுத்துப் போட இருக்கிறாய். போடாதே. இந்த ஒன்றைக் கேட்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். இரண்டு முறை அப்படித்தான் எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்து, உறுத்தலாக இருந்த வாக்கியங்களை அடித்தேன். மறுபடி படித்து மறுபடி அடித்தேன். கடைசியில் உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு என்பதைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்றால்தான் என்னால் பின்வாங்க முடியாது. அதனால் இதை ஊரறிய எழுதுகிறேன். உன் பெயரை மட்டும் எழுதவில்லை. அந்த அளவுக்குத்தான் உன்னை மறைக்க முடிந்தது.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் மனசுக்குள் நான் வைத்திருந்த வேலை வேறு. எந்த உயிர் எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதி வைப்பது. உன் அம்மாவைப் பார்த்ததே அந்த வேலையில்தான். காசிமேட்டில் ஏலம் முடிந்து ஒதுக்கித் தள்ளும் குவியலில் எனக்கு வேண்டிய சின்ன நண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸில் பார்த்து, கொடுக்கின் மணிக்கட்டில் முள் ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பெயர் எழுதிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் சிரித்தாள். "இன்னா வாத்தியாரே, ஒரு நண்டுக்கு அர மணி நேரமா? அது ஒரு இனம், இது வேற இனம். மூஞ்சப் பாத்தா தெரியல?" லென்ஸை வைத்துச் சரிபார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. பிறகு நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது வியாசர்பாடியிலிருந்து என் வீட்டார் யாரும் வரவில்லை, காசிமேட்டிலிருந்து அவள் வீட்டாரும் வரவில்லை. அவள் தம்பி, உன் தேசப்பன் மாமா, ஒருவர் மட்டும் பதிவு அலுவலகத்துக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். "எங்க அக்காவ நண்டு மாதிரி பாட்டில்ல போட்டு வெச்சிடாத மாமா" என்று அங்கேயே கேலி செய்தார். கழிமுகத்தில் எனக்குப் படகு ஓட்டியவரும் அவர்தான்.

கழிமுகத்தை வரைபடத்தில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுத்திருந்தேன். நீர் வடியும் நேரத்தில் ஒரு கட்டத்தில் இறங்குவோம். அரை மணி நேரம் தேடுவேன். நண்டு, மட்டி, நத்தை, புழு, என்ன கிடைத்தாலும் சீட்டு எழுதி பாட்டிலில் போடுவேன். சீட்டில் பெயரைவிட இடம் முக்கியம். பெயர் தவறாக இருந்தால் பின்னால் வருகிறவன் திருத்திக்கொள்வான். இடம் எழுதாத பாட்டில் எதற்கும் உதவாது. பெயர் விஷயத்தில் நான் ஒருநாளும் பொய் எழுதியதில்லை. தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியவில்லை' என்றுதான் எழுதுவேன். குறிப்பேட்டில் மூன்று விதமான குறிகள் வைத்திருந்தேன். கிடைத்தால் கறுப்புப் புள்ளி. தேடியும் கிடைக்காவிட்டால் சின்ன வட்டம். போகவே இல்லை என்றால் வெறுமையாக விட்டுவிடுவேன். இல்லை என்பது வேறு, பார்க்கவில்லை என்பது வேறு. இந்த வேலையில் முதல் பாடம் அதுதான். வகுப்பில் அதை நான் கரும்பலகையில் எழுதிப்போடுவேன்.

வடகரையில் ஒரு கம்பெனி வேலி இருந்தது. வேலிக்கு வெளியே, ஆற்றோரமாகத்தான் நான் இறங்கினேன். காவலாளி ஒருவன் ஓடிவந்து என் பையைப் பிடுங்கினான். பாட்டிலில் சேறு எடுப்பதைப் பார்த்துவிட்டு, கம்பெனி மேல் புகார் எழுத வந்தவன் என்று நினைத்துவிட்டான். வாத்தியார் என்று சொன்னேன். "வாத்தியார்னா ஸ்கூலுக்குப் போய்யா, சேத்துல இன்னா வேல?" என்றான். பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து தரையில் கொட்டினான். வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தான். அடிக்கவில்லை, காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒருவனாக இருந்தால் அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். நான் அதற்குப் பிறகு அந்தக் கரை தூரத்தில் தெரிந்தாலே படகைத் திருப்பச் சொல்லிவிடுவேன். "அவன் டூட்டி மாறினப்பால நா இட்டுகினு போறேன் வா மாமா" என்று உன் மாமா எத்தனையோ முறை கூப்பிட்டார். இன்று நீரோட்டம் சரியில்லை என்பேன், காய்ச்சல் என்பேன், பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்பேன். கொஞ்ச நாளில் அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். அந்தக் கரையில் ஏழு கட்டங்கள். ஏழுக்கும் நான் போகவில்லை.

அச்சுக்கு அனுப்ப வரைபடத்தை மசியில் எடுத்து வரைந்தபோது என் துறைத் தலைவர் பார்த்துவிட்டு, "இத்தனை வட்டம் எதற்கு? கண்ணைக் குத்துகிறது" என்றார். எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. இத்தனை வருடமாக நான் எனக்கே சொல்லிக்கொண்ட கதை, அவர் சொன்னதால் எடுத்தேன் என்பது. உண்மை அதுவல்ல. வட்டங்கள் இருந்தால் வெறுமையான ஏழு கட்டங்கள் பளிச்சென்று தெரியும். எவனாவது கேட்பான், இங்கே ஏன் போகவில்லை என்று. ஒரு காவலாளிக்குப் பயந்து போகவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? வட்டங்களை எடுத்துவிட்டால், தேடிக் கிடைக்காத கட்டங்களும் வெறுமை, நான் போகாத கட்டங்களும் வெறுமை. ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும். பிளேடை வைத்து ஒவ்வொரு வட்டமாக நானே சுரண்டினேன். சொல்லப்போனால் நிம்மதியாகத்தான் இருந்தது. நீ பிறந்த வருடம் அது அச்சாகி வந்தது. பாராட்டினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒருவன் கேட்டான். நீ. உனக்கு ஒன்பது வயது இருக்கும். அந்த வரைபடத்தின் ஒரு பிரதியை என் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். நீ நாற்காலியில் ஏறி நின்று, வடகரையில் வெறுமையாக இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு நண்டு வரைந்தாய். பெரிய கொடுக்கும், நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணும், நன்றாகவே வரைந்திருந்தாய். தேசப்பன் மாமா அங்கேதான் நண்டு பிடிக்கிறார் என்று வேறு சொன்னாய். நான் ரப்பர் எடுத்து அதை அழித்தேன். "இங்கே இல்லை. இல்லாததை வரையக் கூடாது" என்றேன். "நீங்க பாத்தீங்களாப்பா?" என்று கேட்டாய். "பார்த்தேன்" என்றேன். உனக்கு இது நினைவிருக்காது. எனக்கு அந்த ரப்பர் தூள் விழுந்த இடம்கூட நினைவிருக்கிறது. உன் அறிக்கையில் இருக்கும் அந்த வாக்கியத்தை முதலில் உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

வேலை இல்லாமல் நீ அலைந்த வருடங்களில் நானும் உள்ளுக்குள் அலைந்தேன். அதனால்தான் இந்த நிறுவனத்தில் சேர்ந்து, கணினியில் வரைபடம் செய்யும் பிரிவுக்குப் பொறுப்பாளன் ஆனபோது எனக்கு வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் நீ போன் செய்தாய். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "அப்பா, எண்ணூர்ல ஒரு ப்ராஜெக்ட் வந்திருக்கு. உங்க மேப்பத்தான் போட்டிருக்கேன். அச்சுல வந்ததுல அவ்வளவு விவரமா வேற யாரோடதும் இல்லப்பா. உங்க பேர் கீழ வரும்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காலியான கட்டங்களை என்ன செய்தாய்?" என்று கேட்டேன். அவ்வளவு தூரம் வந்துவிட்டேன். "காலியா விட்டா சாஃப்ட்வேர் ஒத்துக்காதுப்பா, சைபர் போட்டுட்டேன்" என்றாய். அந்த ஒரு வினாடியில் சொல்லியிருக்க வேண்டும். நான் "சரிப்பா" என்றேன். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். போனை வைத்ததும் உன் அம்மாவிடம், பையன் என் பெயரைப் போட்டிருக்கிறானாம் என்று பெருமையாக வேறு சொன்னேன்.

பிறகு ஒரு நாள் தேசப்பன் மாமா வந்தார். கையில் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம். கூட்டத்துக்கு முன்னால் குப்பத்தில் கொடுத்தார்களாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே படித்தார். "மாமா, இதுல ஒன் பேரு கீது. நம்ம பையன் பேரும் கீது. ஆத்துக்கு அந்தாண்ட ஒண்ணுமே இல்லன்னு போட்டுகீது. அப்போ நா நேத்து புடிச்சது இன்னா, பிளாஸ்டிக் நண்டா?" உன் அம்மா உள்ளேயிருந்து, "ஏதோ தப்பா அச்சடிச்சிருப்பாங்க, வாத்தியார் அப்டிலாம் எய்த மாட்டாரு" என்றாள். அவள் என்னைத் தாங்கிப் பேசியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. இருவரிடமும் சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளிடம் முதல் முறையாகச் சொன்னேன். முழங்கால் போய்க் கடலுக்குப் போக முடியாமல் ஆன பிறகு, தேசப்பன் மாமாவும் உன் அத்தையும் அந்தக் கரையில் நண்டும் மட்டியும் எடுத்துத்தான் பிழைக்கிறார்கள். அவர்களைப் போல இன்னும் எத்தனையோ குடும்பங்கள். மாமா அந்தச் சுருக்கத்தை மடித்துக்கொண்டே, "சரி, இப்போ வந்து பாரு. கண்ணு தெரியுதில்ல? அப்போ வா" என்றார்.

போனேன் தம்பி. மூன்று நாள் போனேன். அந்தக் காவலாளி இல்லை, அந்த வேலியும் பாதி விழுந்துகிடந்தது. அவ்வளவு வருடம் நான் எதற்குப் பயந்தேன் என்று தேடினாலும் கிடைக்காது. சேற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. கால் வைத்தால் கீழே கறுப்பு. இங்கே என்ன இருந்துவிடப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். முதல் கட்டத்தில் கால் மணி நேரத்துக்குள் குறிப்பேட்டில் ஒரு பக்கம் நிறைந்தது. களி நண்டில் கொடுக்கில் முள் ஒன்று உள்ள இனம், இரண்டு உள்ள இனம், இரண்டும் இருந்தன. மட்டி, சேற்றில் தாவும் மீன், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள் கூட்டம் கூட்டமாக. ஒரு நத்தையை எனக்குத் தெரியவில்லை, அப்படியே எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் அரை மணி நேரம் தேடியும் ஒன்றும் இல்லை. அதற்கு வட்டம் போட்டேன். ஐந்தாவது கட்டத்தில் இறங்கியபோது தொடை வரை புதைந்துவிட்டேன். கால் வரவில்லை. உன் மாமா பலகையைப் போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து, என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தார். "வயசான காலத்துல எங்க அக்காவுக்கு பேஜாரு குடுக்காத மாமா, ஒயுங்கா வெளிய வா" என்று திட்டிக்கொண்டே இழுத்தார். அதோடு நின்றது. ஆக, நான்கு கட்டங்களுக்குத்தான் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. மூன்றுக்கு இன்னும் இல்லை. கண்ணும் முன்போல இல்லை. என் பெயரிடலில் பிழை இருக்கலாம். ஆனால் சீட்டுகளில் இடம் சரியாக இருக்கிறது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் உனக்குப் போன் செய்து, அந்த வடகரையை இன்னொரு முறை பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "அச்சுல வந்த ஆதாரம் இருந்தாத்தான்ப்பா எடுத்துப்பாங்க. அச்சுல இருக்கறதே உங்களோடதுதானே?" என்றாய். சிரித்தாய். நானும் சிரித்தேன். என் பொய்யை மறுக்க உலகத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் நான்தான் என்று அப்போதுதான் புரிந்தது. கூட்டத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று நடந்தது உனக்குத் தெரியும். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். நீ நன்றாகப் பேசினாய். யாருக்கும் புரியும்படி, யாரையும் மட்டம் தட்டாமல் பேசினாய். திரையில் ஆறு நீலமாகவும் புள்ளிகள் பச்சையாகவும் தெரிந்தன. வடகரையில் அந்த ஏழு கட்டங்களும் வெள்ளை. கீழே என் பெயர். பிறகு தேசப்பன் மாமா எழுந்து மைக்குக்குப் போனார். கொண்டுவந்த கூடையை மேடைக்கு முன்னால் கவிழ்த்தார். நண்டுகள் நாலா பக்கமும் ஓடின. அதிகாரிகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். சனம் கைதட்டியது. "இல்ல இல்லன்றீங்களே, இதுங்கல்லாம் ஒங்க அறிக்கைய படிக்கல போல சார்" என்றார். அதிகாரி கோபப்படவில்லை. நியாயமான கேள்விதான் கேட்டார். "பெரியவரே, இது அந்த இடத்துல புடிச்சதுன்னு எப்படி நம்புறது? காசிமேட்டுல வாங்கிட்டுக்கூட வந்திருக்கலாம்ல?" உன் மாமா, "நா போய் நண்டு வாங்குவேனா சார்? என் பொண்டாட்டியே சிரிப்பா" என்றார். மண்டபமே சிரித்தது. அப்புறம்தான் அவர் திரும்பி என்னைக் கை காட்டினார். "இதோ குந்திகினு கீறாரே எங்க மாமா, மேப்பு போட்டவரே அவருதான். எங்கூட வந்து சேத்துல நின்னு பாத்தாரு. அவரையே கேளுங்க."

மைக் என் கைக்கு வந்தது. தாள் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கப் போனேன். நிமிர்ந்தபோது உன்னைப் பார்த்தேன். நீ கலவரப்பட்டு நின்றாய். ஆனால் அந்தக் கலவரத்துக்குள் ஒரு நம்பிக்கையும் இருந்தது, அப்பா விட்டுவிட மாட்டார் என்பது போல. உன் பின்னால் உன் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை பேர் முன்னால் என் மகனைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த வாக்கியத்தைச் சொல்லி உட்கார்ந்தேன். தேசப்பன் மாமா குனிந்து ஒவ்வொரு நண்டாகப் பிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் உதவிக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் வரும்வரை கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான், "எனக்காவ நீ பேச வாணாம் மாமா. நீ கண்ணால பாத்ததுக்காவ பேசியிருக்கலாம்" என்றார்.

வீட்டில் உன் அம்மாவிடம், பிள்ளைக்காகத்தான் பேசவில்லை என்றேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "புள்ளய காப்பாத்துனேன்னு சொல்லிக்கினு திரியாத. அவன் பேர் கெட்டுப்போவும்னு நீ பயப்படல. அவன் உன்ன இன்னா நெனப்பான்னு பயந்த." இந்த ஒரு வாரமாக வேறு எந்தக் காரணமாவது கிடைக்குமா என்று தேடிப்பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

பெற்றவர்கள் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு தொழில் விஷயம். யாராவது ஒரு வரைபடத்தைக் கொடுத்தால், புள்ளிகளைப் பார்ப்பதற்கு முன்னால் வெறுமையான இடங்களைப் பார். இங்கே யார் போனார்கள், எத்தனை நேரம் தேடினார்கள் என்று கேள். பதில் வராவிட்டால் சைபர் போடாதே. தெரியாது என்று எழுது. உன் சாஃப்ட்வேர் அதை ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒத்துக்கொள்ளும் ஒன்றைத் தேடு. நீ இதை எப்போதோ தெரிந்துகொண்டவன். என் வரைபடம் என்பதால்தான் கேட்காமல் விட்டாய். வேறு ஒருவன் வரைந்ததாக இருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாய். அந்த மரியாதைக்கு நான் உனக்குச் செய்த கைம்மாறு இது.

இதனால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். வேலை போகலாம். அப்பா ஒன்று சொல்ல மகன் ஒன்று எழுதினான் என்று உன் துறையில் பேசுவார்கள். என் பெயர் போவது பற்றி எனக்கு இப்போது கவலை இல்லை என்று சொல்லவும் ஆசைதான், ஆனால் கவலையாகத்தான் இருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் ஒருவனுக்கு வேறு என்ன இருக்கிறது. இருந்தாலும் அந்தக் கரையில் ஒரு லாரி மண் விழுந்துவிட்டால் பிறகு நான் எத்தனை திருத்தம் எழுதினாலும் அங்கே போய்ப் பார்க்க எதுவும் இருக்காது. அன்றைக்கு என் வரைபடம் உண்மையாகிவிடும். மண் விழுவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும், தம்பி. இனிமேல் எனக்கு நாள் இல்லை.

இந்தக் கடிதத்துக்கு மூன்று பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்று வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தேசப்பன் மாமா உன் கையில் கொடுத்துவிடுவார். இரண்டாவது பிரதி, கூட்டம் நடத்திய அலுவலகத்துக்கு. அதோடு, எந்தெந்தக் கட்டத்துக்கு நான் போகவில்லை என்று எண்ணோடு எழுதி, என் பெயர் போட்டுக் கையெழுத்திட்ட ஒரு தாளும், பழைய குறிப்பேடும், புதிய சீட்டுகளும் இருக்கின்றன. மூன்றாவது ஒரு பத்திரிகைக்கு. இந்த இரண்டையும் உன் மாமா திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். உன்னுடையதை மட்டும் முன்னால் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. என் வாக்குமூலம் அவர்கள் மேஜைக்கு வருவதற்கு முன்னால், உன் பெயரை நீயாகவே அந்த அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டாய் என்று இருக்க வேண்டும். தகப்பன் சொல்லித் திருந்தினான் என்று யாரும் உன்னைச் சொல்லக் கூடாது. அதற்காக மூன்று நாள். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் எனக்குள் அந்தப் பழைய ஆள் எழுந்துவிடுவான்.

திங்கட்கிழமை காலையில் நான் பின்னாலேயே ஓடிப்போய் உறையைத் திரும்ப வாங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதை உன் அம்மாவிடமும் மாமாவிடமும் சொல்லிவிட்டேன். "கேட்டா குடுக்காத தேசப்பா" என்று அவரிடம் கெஞ்சினேன். "நீ கேட்டா நா இன்னாத்துக்கு குடுக்கப்போறேன்?" என்றார். உன் அம்மாவுக்கு அது போதவில்லை. "நானும் அவங்கூட போறேன். வூட்ட வெளிய பூட்டிகினு போயிடறேன். நீ உள்ள குந்திகினு இரு வாத்தியாரே" என்றாள். சரி என்றேன். திங்கட்கிழமை அவர்கள் திரும்பி வரும்வரை பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம், போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திட்டுவதற்காகக் கூப்பிட்டாலும் கூப்பிடு. முதல் மணியிலேயே எடுப்பேன்.

உன் அப்பா